தாய்மாமன் பிறப்பதற்கு முன்பே நடந்த காதுகுத்து

எங்கள் வீட்டு ஆவணங்களின்படி என் தங்கை மகனுக்குக் காது குத்தியது 1970 ஜனவரி 1, வியாழக்கிழமை, காலை 5:30 மணிக்கு. படத்தில் அவனை மடியில் வைத்திருக்கும் தாய்மாமன் நான். அன்றைக்கு நான் பிறக்கவில்லை. தங்கையும் பிறக்கவில்லை. எங்களைப் பெற்ற அப்பா அரை டிராயரோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். அவருடைய கல்யாணமோ அதே ஆவணங்களின்படி 2019-ல்தான் நடந்திருக்கிறது. ஆல்பத்தை ஊத்தங்கரையில் கொடுத்து ஸ்கேன் செய்தது அந்த வருஷம். டிவியில் படங்களைத் தேதி வரிசையில் ஓடவிட்டால் முதலில் பேரனுக்கு மொட்டை, கடைசியில் தாத்தா தாலி கட்டுவார்.

அப்பாவுக்கு இதில் பெரிய வருத்தமில்லை. "வியாழக்கிழமை, விடியக்காலம். நல்ல நேரமாத்தான் பார்த்து வச்சிருக்குது" என்றார். வருத்தமெல்லாம் அம்மாவுக்கு. "தாய்மாமன் சீரு செஞ்சதுக்கு அத்தாட்சி இந்தப் போட்டோதான். நாளைக்கு யாராவது கேட்டா 1970-னு காட்டுவியா?"

அந்த ஆவணக் காப்பகம் என்பது டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு சின்னக் கம்ப்யூட்டர். விவரம் தெரிந்தவர்கள் 'நாஸ்' என்பார்கள். எங்கள் வீட்டில் 'போட்டோப் பொட்டி'. வைஃபையில் இருக்கிற எல்லோருடைய போனிலிருந்தும் படங்கள் அதற்குள் போய்ச் சேரும். மச்சான் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தது. அன்றைக்குப் பௌர்ணமி. திருவண்ணாமலை பஸ்ஸில் கிரிவலத்துக்குப் போகிறவர்களுக்கு நடுவில் ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டும்வரை அதை நெஞ்சோடு அணைத்து நின்றபடியே வந்தார். சுவாமிக்கு ஏதோ நேர்ந்துகொண்டு போகிறார் என்று நினைத்து ஒரு பாட்டி எழுந்து இடம் கொடுத்தார்களாம்.

பெட்டியைச் செய்த கம்பெனியின் பெயர் வேண்டாம். அவர்கள் அந்த மாடலைக் கைகழுவி வருஷங்கள் ஆகின்றன. வினை அங்கேதான் தொடங்குகிறது. யூனிக்ஸ் வழிவந்த இயந்திரங்கள் காலத்தை 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து விநாடி விநாடியாக எண்ணுகின்றன. நம் நேரத்துக்கு அது காலை 5:30. பெட்டிக்குள் கடிகாரத்தைக் காக்க பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்ததும் அது கண் விழித்து, கம்பெனியின் நேர சர்வரிடம் "இப்போ மணி என்ன?" என்று கேட்க வேண்டும். அந்த சர்வரைக் கம்பெனி மூடிவிட்டது. பதில் வராததால் பெட்டி தன் நம்பிக்கைப்படி 1970-லிருந்து வாழ்க்கையைத் தொடங்கிவிடும். காதுகுத்து அன்று காலையில் கரண்ட் கட்.

இதற்கு மருந்து ஒற்றை வரிதான். செத்துப்போன சர்வர் பெயரை எடுத்துவிட்டு, ஊருக்கெல்லாம் பொதுவாக நேரம் சொல்லும் ஒரு சர்வர் பெயரைப் போட வேண்டும். ஆனால் செட்டிங்ஸ் பக்கத்தில் அதற்கு இடமில்லை. "சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூடெல்லி" என்று ஒரு பட்டியல் காட்டி, எந்த ஊர் என்று மட்டும் கேட்கும். எங்கள் ஊர் சிங்காரப்பேட்டையை அது கேள்விப்பட்டதேயில்லை.

அந்த வரி இருக்கும் ஃபைலைத் தொடும் உரிமை 'ரூட்' என்ற ஒருவருக்குத்தான். லினக்ஸில் அவருடைய அடையாள எண் பூஜ்யம். எந்த ஃபைலும் அவரைத் தடுக்காது. பெட்டி எனக்குக் கொடுத்திருந்த பட்டம் 'அட்மின்'. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகையிலெல்லாம் அப்பா பெயர் இருக்கும், பீரோ சாவி அம்மாவிடம் இருக்கும்; அட்மின் பத்திரிகையில் வரும் பெயர், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு எனக்குப் புதிதில்லை. வாரமெல்லாம் ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கி சி.என்.சி. மெஷின்களுக்கு மெயின்டனன்ஸ் பார்க்கிறவன் நான். சீமென்ஸ் சைனுமெரிக் கன்ட்ரோலில் அதிகாரம் படிப்படியாக இருக்கும். ஆபரேட்டருக்கு ஒரு சாவித் திருகு. அதற்கு மேலே பாஸ்வேர்டுகள்: மெஷினைக் கட்டியவருக்கு 'சன்ரைஸ்', சர்வீஸ்காரருக்கு 'ஈவினிங்', காசு கொடுத்து வாங்கியவருக்கு 'கஸ்டமர்'. கம்பெனி புத்தகத்திலேயே அச்சான ஆரம்பப் பாஸ்வேர்டுகள் இவை. விடியலும் அந்தியும் வித்தவனுக்கு, வாங்கியவனுக்கு வெறும் வாடிக்கையாளர் பட்டம். ஆனாலும் அங்கே ஒரு நேர்மை உண்டு: மூன்றையும் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். மெஷின் வாங்கினால் அதன் கதவு எங்கே இருக்கிறது என்றாவது தெரியும்.

வீட்டுப் பெட்டிகளில் அந்த நேர்மை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சைனாலஜி பெட்டியில், 2016-ல் வந்த டி.எஸ்.எம். 6 என்ற மென்பொருள் முதல், ரூட்டாக நேரே நுழைய முடியாது. அட்மினாக உள்ளே போய் 'சுடோ' என்று கேட்டால் வழி விடுவார்கள். அந்தச் சுடோ 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது. தகுதியில்லாதவர் அதைத் தட்டினால், இந்தச் சம்பவம் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும் என்று மிரட்டும். வீட்டில் மேலிடம் என்று பார்த்தால் அதுவும் நாமேதான். டி-லிங்க் டி.என்.எஸ்.-323 என்ற பழைய பெட்டி இன்னும் வெள்ளந்தி. 'ஃபன்_ப்ளக்' என்ற பெயரில் ஒரு ஃபைலை டிஸ்க்கில் போட்டு வைத்தால், பெட்டி எழும்போது யார் எழுதியது என்றுகூடக் கேட்காமல் ரூட் அதிகாரத்தோடு அதை ஓட்டும். எத்தனையோ பேர் லினக்ஸ் கற்றது அந்த ஓட்டை வழியாகத்தான்.

வெள்ளந்தித்தனத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' பெட்டிக்கு 2015-க்குப் பிறகு அப்டேட் இல்லை. 2021 ஜூனில் ஒரு நாள் உலகமெங்கும் பலர் காலையில் எழுந்து பார்க்கிறார்கள், பெட்டி காலி. குழந்தை பிறந்த படம், செத்துப்போன தாத்தா குரல், எல்லாம் போயிற்று. யாரோ இன்டர்நெட் வழியாக 'ஃபேக்டரி ரீசெட்' கொடுத்திருந்தார்கள். அதைச் செய்யப் பாஸ்வேர்டு கேட்க வேண்டிய வரிகளைப் புரோகிராம் எழுதியவர்களே செயலிழக்க வைத்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. 2024-ல் டி-லிங்கின் பழைய பெட்டிகள் சிலவற்றில் 'மெசேஜ்பஸ்' என்ற ஒரு யூசர் குடியிருப்பது வெளியே வந்தது. பாஸ்வேர்டு? காலியாக விட்டு என்டர் தட்டினால் போதும். இன்டர்நெட்டில் அப்படித் திறந்து கிடந்தவை 92,000-க்கு மேல் என்று கணக்குச் சொன்னார்கள். கம்பெனியின் பதில்: ஆயுள் முடிந்த பெட்டி, தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். திருடனுக்குத் திறக்கிற பெட்டி, சொந்தக்காரனுக்கு ஏன் பூட்டியிருக்கிறது? பராமரிப்பை நிறுத்துகிற அன்றைக்கே சாவியையும் கையில் கொடுத்துவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கூட அதைச் செய்கிறார்.

சட்டத்தையும் பார்த்துக்கொண்டேன். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 43, சொந்தக்காரர் அல்லது பொறுப்பாளர் அனுமதியின்றிக் கம்ப்யூட்டருக்குள் நுழையக் கூடாது என்கிறது. கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்தால் பிரிவு 66: மூன்று வருஷம்வரை சிறை, அல்லது ஐந்து லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் சொந்தக்காரர் யார்? காசு கொடுத்தது அப்பா, வாங்கியது மச்சான், துடைத்து வைப்பது அம்மா. மூவரிடமும் அனுமதி கேட்டேன். மச்சான், "எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல மாப்ள" என்று போனை வைத்துவிட்டார். அப்பா, "உங்கம்மாவக் கேளு" என்றார். அம்மா, "ஏழரை மணி சீரியல் முடியட்டும்" என்றாள்.

எங்கள் ஊருக்கு வாசல் விவகாரம் பழசு. பாராமகாலிலிருந்து கிழக்கே இறங்கும் கணவாய் வாயில் உட்கார்ந்திருக்கிறோம். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியின் படையும் கர்னல் ஸ்மித்தின் கம்பெனிப் படையும் செங்கத்தில் முட்டிக்கொண்டது இந்தக் கணவாய்க்கு அந்தப் பக்கம்தான். நான் கம்பெனிக்கு எதிராக இறங்கியது சீரியல் முடிந்த பிறகு.

மூடியைக் கழற்றினால் போர்டில் பெயரில்லாத நாலு ஊசிகள் நிற்கும். தொழிற்சாலையில் சோதனைக்காக வைத்துவிட்டு, எடுக்கச் சோம்பல்பட்டு விட்டது. மல்டிமீட்டரில் பூமியைக் கண்டுபிடித்து, போகிற கம்பியையும் வருகிற கம்பியையும் மாற்றி மாற்றி லேப்டாப்போடு சேர்த்தேன். நாலாவது ஊசியில் 3.3 வோல்ட், அதைத் தொடவில்லை. கரண்ட் கொடுத்ததும் பெட்டி தன் மனசில் நினைப்பதையெல்லாம் எழுத்தாகக் கொட்டத் தொடங்கும். முதலில் விழிக்கும் யு-பூட் என்ற சின்னப் புரோகிராம் மூன்றிலிருந்து இறங்கி எண்ணும். பூஜ்யம் வருவதற்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்தினால் நின்றுவிடும். "இனி எஜமான் நீ" என்று வேறு யாரும் இத்தனை சுலபத்தில் சொன்னதில்லை.

சுவிட்ச் அறையின் அந்தக் கோடியில். அங்கே அப்பா.

"போடுங்கப்பா."

"இன்னா?"

"போடுங்க!"

"அப்பவே போட்டேனே."

எண்ணிக்கை முடிந்து பெட்டி வழக்கம்போல 1970-க்குள் போயிருந்தது. அணைத்தோம். அடுத்த முறை, "நான் எண்றேன், நீ அமுக்கு" என்று அப்பா பொறுப்பை எடுத்துக்கொண்டார். ஒன்றிலிருந்து மேல்நோக்கி எண்ணினார். அதற்கப்புறம் போட்டார், ஆனால் கை தடுமாறி பக்கத்துச் சுவிட்ச். ஃபேன் சுற்றியது. பக்கத்து வீட்டுப் பையன் வேடிக்கை பார்க்க வந்து, ஒரு வார்த்தை பேசாமல் சுவிட்சைப் போட்டான். கீயை அழுத்தினேன். எண்ணிக்கை ஒன்றில் நின்றது. எழும்போது வேறெந்த வேலையும் பார்க்காமல் நேராக ஒரு ஷெல்லைத் திற என்று ஒரு வரி சேர்த்தேன். கொஞ்ச நேரத்தில் திரையின் ஓரத்தில் '#' வந்து நின்றது. டாலர் குறி வந்தால் நீ குடிமகன். இந்தக் கம்பிவேலிக் குறி வந்தால் ரூட்.

"அவ்ளோதானா?" என்றார் அப்பா. ஒரு மணி நேரமாக எதையோ எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றம்.

சர்வர் பெயரை மாற்றினேன். ரீஸ்டார்ட் செய்தால் பழைய பெயரே மறுபடி. ஒவ்வொரு முறை எழும்போதும் கம்பெனியின் மூலப் பிரதியிலிருந்து ஃபைல்களைப் புதிதாக விரித்துக்கொள்கிற பெட்டி அது. கடைசியில் டிஸ்க்கில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்து, பெட்டி எழுந்த பிறகு அந்த வரியை அது மாற்றும்படி செய்தேன். கம்பெனி தினமும் தவறாக எழுதும், ஸ்கிரிப்ட் தினமும் அழித்து எழுதும். இப்படியே இரண்டும் ஒத்துப்போய்க் குடித்தனம் நடத்துகின்றன. நான் ஓசூருக்குக் கிளம்புவதற்குள் பெட்டி சரியான தேதி காட்டியது.

இனிமேல்தான் எனக்குத் தொல்லை. 'டச்' என்றொரு கட்டளை இருக்கிறது. எந்த ஃபைலுக்கும் எந்தத் தேதியும் போடலாம். காதுகுத்தை அதன் இடத்துக்கு அனுப்பினேன். கல்யாணத்துக்குத் தேதி கேட்டேன். "ருத்ரோத்காரி வருஷம், ஆவணி" என்றார் அப்பா. அறுபது வருஷச் சுழற்சி யூனிக்ஸுக்குத் தெரியாது; 1983 என்று நான்தான் கணக்குப் பார்த்துச் சொன்னேன். எந்த நாள் என்று கேட்டதும் இருவரும் இரண்டு தேதி சொன்னார்கள். நாற்பது வருஷமாக வராத சண்டை என்னால் வந்தது. ரூட் இருவரில் யார் சொன்னதை எழுதினாலும் மறுபேச்சுப் பேசாது. நான் ஆவணி முதல் தேதியைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பிறகு மனுக்கள். "எல்லா அதிகாரமும் உனக்குத்தானே வந்துட்டது? அந்த அத்தை நிக்கிற போட்டோவ மட்டும் எடுத்துடு" என்றாள் அம்மா. தங்கைக்குத் தன் கல்லூரிக் காலப் படங்களை மச்சான் கண்ணுக்குத் தெரியாமல் வைக்க வேண்டும். மச்சானுக்கு அவை எங்கே இருக்கின்றன என்று தெரிய வேண்டும். அப்பாவின் மனு வேறு மாதிரி: அவர் ஃபோல்டருக்குப் பெயர் வைத்தால் உறவுமுறை முழுசாக இருக்க வேண்டும். ஊர்ப் பெயர், வீட்டுப் பெயர், யார் வழியில் யாருக்கு என்ன ஆக வேண்டும், விசேஷம் என்ன, சாப்பாடு எப்படி என்பதுவரை. பெயர் பாதியில் நின்றுவிடுகிறதே, அதைச் சரிசெய் என்றார். அதற்கு ரூட்டாலும் வழியில்லை. ஒரு பெயருக்கு 255 பைட்தான். இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட் என்றால் தமிழுக்கு மூன்று; கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனியே மூன்று மூன்று. மொத்தம் 85 குறிக்குள் உறவை முடித்துக்கொள்ள வேண்டும்.

"அப்போ பெரிய அதிகாரம்னு சொன்னே?"

நான் ஊரில் இல்லாதபோது கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்டு, ரூட் பாஸ்வேர்டை அப்பா வாங்கிக்கொண்டார். மறந்துவிடக் கூடாது, கைக்கு எட்டவும் வேண்டும் என்று யோசித்து, மீட்டர் பெட்டியில் செருகியிருக்கும் வெள்ளை அட்டையின் பின்புறம் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தார். ரீடிங் எடுக்க வந்தவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்ன சார் என்று கேட்டிருக்கிறார். அப்பாவும் ஒளிக்காமல் காதுகுத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

அவர் அட்டையை இன்னொரு தடவை படித்தாராம். "எட்டு எழுத்துதான் இருக்குது சார், பத்தாது. நடுவுல ஒரு நம்பரு, ஒரு ஸ்டாரு போடச் சொல்லுங்க உங்க பையன."