சிஸ்டம் தம்பி

அவருக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்யும். கடைத்தெருவில் எல்லார் போனிலும் அவர் 'சிஸ்டம் தம்பி'தான். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பில் பிரிண்டர், டேலி, எந்நேரமும் முறைத்துக்கொண்டிருக்கும் நான்கு கேமரா, இத்தனையையும் ஒன்றோடொன்று பேசவைக்க மளிகை மொத்தக்கடை அண்ணாச்சி கூப்பிடுவது அவரைத்தான்.

வந்தவுடன் வேலையில் கைவைக்க மாட்டார். மேஜைக்கு அடியில் குனிந்து, பழைய வயர்களைப் பார்த்து உச்சுக்கொட்டுவார். "யாரு அண்ணாச்சி இதைப் பண்ணது?" ஜோசியர் ஏழாமிடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட மாதிரி இருக்கும். எஸ்டிமேட்டுக்கு அண்ணாச்சி அந்த நொடியிலேயே பாதி சம்மதித்துவிடுவார். மறுநாள் ரிச்சி தெருவிலிருந்து கேட்-6 கேபிளும் எட்டு போர்ட் சுவிட்சும் ரௌட்டரும் வந்து இறங்கும்.

கைவேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. கேபிள் முனையைச் சீவி, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம் என்று எட்டு இழைகளையும் பேசிக்கொண்டே அடுக்கி, ஒரே அமுக்கில் கிரிம்ப் பண்ணிவிடுவார். டெஸ்டரில் 1 முதல் 8 வரை விளக்கு தவறாமல் எரியும். கேபிள் போகிற பாதைதான் கொஞ்சம் விசேஷம். சாமி படத்து சீரியல் பல்பு வயரோடு டேக் போட்டுக் கட்டி, மிளகாய் மூட்டைகளுக்கு மேலாகக் கொண்டுபோவார். எலி கடிக்காதா என்றால், "மிளகாய் நெடிக்கு எலி வருமா அண்ணாச்சி?" எலிகள் இந்தக் கருத்தை ஏற்பதில்லை.

ஆனால் அவரை அடிக்கடி வரவழைப்பது எலி அல்ல, பிரிண்டர். கரண்ட் போய் வந்ததும் ரௌட்டர் ஒவ்வொரு பொருளுக்கும் புதிதாக ஒரு முகவரி கொடுக்கும். நேற்றுவரை 192.168.1.5-ல் இருந்த பிரிண்டர் இன்று 192.168.1.9-க்குக் குடிபெயர்ந்திருக்கும். கம்ப்யூட்டரோ பழைய வாசலிலேயே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். பில் வராது. பிரிண்டருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக எழுதிவைத்தால் தீர்ந்தது. ஐந்து நிமிஷ வேலை. தம்பிக்கு அது தெரியாமல் இல்லை என்பது என் சந்தேகம். பிழைப்பென்று ஒன்று இருக்கிறதே.

பாஸ்வேர்டும் அவர் மனசில்தான் இருக்கிறது. எழுதிக் கொடுங்கள் என்றால், "எழுதினா சேஃப்டி இல்லை அண்ணாச்சி" என்பார். தெரு முழுக்க எல்லாக் கடைக்கும் அவர் வைத்திருப்பது ஒரே பாஸ்வேர்டு. எதிர்க்கடைப் பையன் அண்ணாச்சியின் வைஃபையில் படம் பார்க்கிறான். அண்ணாச்சி கடைப் பையன் அங்கே. இரண்டு முதலாளிகளும் முகம் கொடுத்துப் பேசிப் பல வருஷம் ஆகிறது.

வேலை முடிந்தால், "எவ்வளவு தம்பி?"

"நீங்க பார்த்துக் குடுங்க அண்ணாச்சி."

கொடுத்ததை எண்ணாமல் சட்டைப்பையில் வைப்பார். எண்ணிப் பார்த்தாரா என்பது அடுத்த பவர்கட்டில் தெரியும். திருப்தி என்றால் முதல் ரிங்கிலேயே எடுப்பார். இல்லையென்றால், "வேளச்சேரி சைட்ல மாட்டிக்கிட்டேன் அண்ணாச்சி." வேளச்சேரியில் அப்படி என்ன சைட் என்று தெருவில் யாருக்கும் தெரியாது.

அண்ணாச்சியும் வியாபாரிதானே. மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். அதனால் 18-ஆம் தேதியே தம்பி வீட்டுக்கு ஐந்து கிலோ துவரம்பருப்பு போய்விடுகிறது. டேலியில் அதை 'நெட்வொர்க் பராமரிப்பு' என்று ஏற்றியிருக்கிறார்கள்.