மடியில் வேண்டாம், மெத்தையில் வேண்டவே வேண்டாம்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு லேப்டாப் வாங்கியிருக்கிறோம். அதிலிருந்து வரும் கதிர்வீச்சைத் தடுக்க ஒரு ஸ்டிக்கர் 499 ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கி ஒட்டலாமா?
— ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: வேண்டாம் அம்மா. அந்த 499 ரூபாயோடு கொஞ்சம் சேர்த்து, மூணு பின் போடும் நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்குங்கள். உங்கள் மகனுக்கு வரக்கூடிய நிஜமான ஆபத்து மின்சாரத்தின் பக்கம்தான் இருக்கிறது.

லேப்டாப்பும் வைஃபையும் வெளியிடுவது ரேடியோ அலை. எக்ஸ்ரே போல உடலின் அணுக்களைச் சிதைக்கும் வலு அதற்குக் கிடையாது. பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை 2007 வாக்கில் ஒரு கணக்குச் சொன்னது: வைஃபை உள்ள இடத்தில் ஓர் ஆண்டு முழுக்க உட்கார்ந்திருந்தாலும், 20 நிமிடம் செல்போனைக் காதில் வைத்துப் பேசும்போது கிடைக்கும் அளவு ரேடியோ அலைதான் உடம்பில் படும். 'உலக சுகாதார நிறுவனமே புற்றுநோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டதே' என்று யாராவது சொல்வார்கள். அதன் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2011-இல் ரேடியோ அலைகளை '2பி' என்ற வகையில் வைத்தது உண்மை. 'ஒருவேளை இருக்கலாம், சான்று போதவில்லை' என்பது அந்த வகைக்கு அர்த்தம். ஆசிய நாடுகளின் பாரம்பரிய ஊறுகாய்க் காய்கறிகளும் அதே வகையில்தான் இருக்கின்றன.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். அந்த ஸ்டிக்கர் நிஜமாகவே அலையைத் தடுத்தால் வைஃபை வேலை செய்யாது. வைஃபை வேலை செய்தால் ஸ்டிக்கர் வேலை செய்யவில்லை.

கேள்வி: என் பையன் போர்வைக்குள் லேப்டாப்பை வைத்துக்கொண்டு படிக்கிறான். சார்ஜும் அங்கேயேதான். கண்டித்தால், 'பாடம்தானே படிக்கிறேன்' என்கிறான்.
— ஒரு தந்தை, நாகர்கோவில்

பதில்: பாடம் சரி, இடம் சரியில்லை. பெரும்பாலான லேப்டாப்களின் அடியில் காற்று இழுக்கும் துவாரங்கள் இருக்கும். மெத்தையும் போர்வையும் அவற்றை அடைத்துவிடும். உள்ளே சூடு ஏறும், விசிறி கத்தும், பேட்டரியின் ஆயுள் குறையும். சார்ஜரையும் தலையணைக்கு அடியில் திணித்தால் தீ விபத்துக்கு வேண்டிய எல்லாம் ஒரே கட்டிலில் சேர்ந்துவிட்ட மாதிரிதான்.

மடியில் வைத்தாலும் சூடு சும்மா விடாது. சுவிட்சர்லாந்தில் 12 வயதுப் பையன் ஒருவன் பல மாதங்களாக தினமும் சில மணி நேரம் லேப்டாப்பை மடியில் வைத்து விளையாடியிருக்கிறான். இடது தொடையில் மட்டும் தோல் வலைவலையாகக் கறுத்துப்போனது. பாசல் நகர மருத்துவர்கள் இதை 2010-இல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். தொட்டால் சுடாத மிதமான சூடுதான், நெடுநாள் பட்டதால் வந்த வினை. ஐந்து நிமிடம் மடியில் வைத்ததற்காகப் பிள்ளையைத் திட்ட வேண்டியதில்லை. அதுவே தினப் பழக்கமானால் அடியில் ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள்.

இரவு முழுக்க சார்ஜில் இருந்தால் வெடித்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பேட்டரி நிறைந்ததும் சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் சர்க்யூட் எல்லா நல்ல லேப்டாப்பிலும் உண்டு. ஆனால் சார்ஜ் ஏறும்போது லேப்டாப் இருக்க வேண்டிய இடம் மேசை அல்லது வெறுந்தரை. இடி மின்னல் வரும் போலிருந்தால் மட்டும், அது தொடங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கி எடுத்துவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இது அவசியம்.

கேள்வி: சார், ஒரு மணி நேரம் டைப் பண்ணினாலே கழுத்து வலிக்குது. எங்க வீட்டுல மேசை நாற்காலி கிடையாது. நான் என்ன பண்றது?
— பதினோராம் வகுப்பு மாணவர், அரியலூர்

பதில்: தம்பி, உன் கழுத்தில் கோளாறு இல்லை. லேப்டாப்பின் அமைப்பே அப்படி. திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால், கைக்கு வசதியாக வைத்தால் தலை குனியும், கண்ணுக்கு வசதியாக உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்ளும். இரண்டையும் ஒரே நேரத்தில் சரியாக வைக்க வழியே இல்லை. அதனால் கால் மணி, அரை மணி என்றால் எப்படி வேண்டுமானாலும் உட்கார். அதற்கு மேல் என்றால் இரண்டையும் பிரித்தாக வேண்டும். தனிக் கீபோர்டும் மௌஸும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். லேப்டாப்பைப் பழைய புத்தகங்களின் மேல் ஏற்றி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி வை. திரை ஒரு கை தூரத்தில் இருக்கட்டும்.

மேசை இல்லாதது பெரிய குறையில்லை. தமிழ்நாட்டில் பிளஸ் டூ மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியபோது, லட்சக்கணக்கான வீடுகளில் லேப்டாப் வந்தது, மேசை வரவில்லை. அந்த ஆண்டுகளில் தரையில் சம்மணம் போட்டு, தகர ட்ரங்குப் பெட்டி மேல் லேப்டாப்பை வைத்துப் படித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அது தப்பான முறையே அல்ல. கணக்குப்பிள்ளை மேசையில் நம் முன்னோர் ஆயுசுக்கும் கணக்கெழுதியது தரையில் உட்கார்ந்துதான். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள். முழங்கை மடங்கும் உயரத்தில் கீபோர்டு இருக்கட்டும். குப்புறப் படுத்துக்கொண்டு கழுத்தை நிமிர்த்திப் படிப்பதை மட்டும் விட்டுவிடு. உன் வலிக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

எவ்வளவு சரியாக உட்கார்ந்தாலும் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நட. அசையாமல் இருப்பதுதான் உடம்புக்கு ஆகாது. எழுந்து நடந்தும் வலி விடவில்லை, கை மரத்துப்போகிறது என்றால் டாக்டரிடம் காட்டிவிடு.

கேள்வி: நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கினால் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வராதாமே?
— ஒரு தாய், ஈரோடு

பதில்: வராது என்று சொன்னவர் கண்ணாடிக் கடைக்காரராக இருப்பார். 17 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பீடு 2023-இல் வந்தது. சாதாரணக் கண்ணாடியைவிட நீல ஒளி தடுக்கும் கண்ணாடி கண் அசதியைக் குறைக்கிறது என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கண் எரிவதற்குக் காரணம் எளிமையானது: திரையைப் பார்க்கும்போது நாம் இமைக்க மறந்துவிடுகிறோம். ஈரம் காய்ந்துபோகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை, 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னல் வழியே எதிர்வீட்டு மாடியோ தென்னை மரமோ போதும். ஃபேன் காற்று நேராக முகத்தில் அடிக்காமல் திருப்பி வையுங்கள்.

கிட்டப்பார்வை வேறு விஷயம், நான் கவலைப்படுவதும் அதற்காகத்தான். கண்ணுக்குப் பக்கத்திலேயே வைத்து நெடுநேரம் பார்ப்பது, வெளிச்சத்துக்குப் போகாமல் இருப்பது இரண்டும் சேர்ந்து அதை வளர்க்கின்றன. புத்தகத்துக்கும் இது பொருந்தும். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டு முடிவில் அங்கே புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015-இல் முடிவுகள் வெளியாயின. தைவான் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 2 மணி நேரம் வெளியில் இருக்கச் சொன்னது. பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே இருந்த பார்வைக் குறைபாடு அதன் பிறகு இறங்கத் தொடங்கியது.

நமக்கு வெயிலுக்குப் பஞ்சமா அம்மா? கொளுத்தும் வெயிலில் நிற்க வைக்கவும் வேண்டாம். வேப்பமர நிழலில் இருக்கும் வெளிச்சம்கூட நம் வீட்டு ட்யூப்லைட்டைவிடப் பல மடங்கு அதிகம். கண்ணாடிக்கு எடுத்து வைத்த பணத்தில் ஒரு பந்தும் இரண்டு ஷட்டில் மட்டையும் வாங்குங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று பிள்ளை சொன்னால் மட்டும் தாமதிக்காமல் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

கேள்வி: பேத்தி எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னாடிதான். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்னு கணக்கு இருக்கா?
— ஒரு பாட்டி, மன்னார்குடி

பதில்: இருக்கிறது பாட்டி. கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், மத்தியக் கல்வித் துறை ஆன்லைன் வகுப்புகளுக்கு வரம்பு வைத்தது. எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு வகுப்பு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு வகுப்பு. மழலை வகுப்புக்கு அரை மணியைத் தாண்டக் கூடாது. அதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடிகாரத்தைவிட நான்கு விஷயங்களைப் பாருங்கள்: நன்றாகத் தூங்குகிறாளா, பசித்துச் சாப்பிடுகிறாளா, வெளியே விளையாடுகிறாளா, உங்களோடு உட்கார்ந்து பேசுகிறாளா. நான்கும் நடந்தால் ஒரு மணி கூடினாலும் விட்டுவிடலாம். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் லேப்டாப்பை வாங்கி உங்கள் அலமாரியில் வைத்துவிடுங்கள். பாட்டி கேட்டால் கொடுத்துவிடுவாள்.

கேள்வி: லேப்டாப்பைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறது. ஷாக் அடிக்கிறதா?
— கல்லூரி மாணவி, தூத்துக்குடி

பதில்: நல்ல வேளை கேட்டீர்கள். சார்ஜரில் இருக்கும் ஒரு சிறு பாகம் மிக மெல்லிய மின்சாரத்தைக் கசியவிடும். எர்த் இருந்தால் அது தரைக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் உலோக உடம்பில் தங்கி, உங்கள் கையில் சுருசுருக்கும். இரண்டு பின் சார்ஜர் என்றால் அதன் அமைப்பே அப்படி இருக்கலாம். அந்த அளவு பெரும்பாலும் ஆபத்தில்லாதது.

மூணு பின் சார்ஜராக இருந்தும் சுருசுருத்தால், அந்தப் பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை என்று லேப்டாப் உங்களிடம் சொல்கிறது. அதே வயரிங்கில்தான் உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் ஓடுகின்றன. ஈரக் கையோடு தம்பியோ தங்கையோ அதைத் தொடும் நாளை நினைத்துத்தான் எனக்குப் பயம். இந்த வாரமே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள். மின்கசிவு வந்தால் தானே அணைந்துவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்று, 30 மில்லி ஆம்பியர் அளவில், பொருத்தச் சொல்லுங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு துளையில் செருகும் பழக்கம் வீட்டில் யாருக்கு இருந்தாலும், அந்தப் பிளக்கை இன்றே மாற்றுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் மாணவர்கள் லேப்டாப் பயன்படுத்த 34 விதிகள் எழுதியிருக்கிறோம். எதையாவது விட்டுவிட்டோமா?
— தலைமையாசிரியை, தருமபுரி

பதில்: 30 விதிகளை விட்டிருக்கலாம் அம்மா. உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளைகள் 34-ஐயும் மனப்பாடம் செய்து, ஒன்றையும் கடைப்பிடிக்க மாட்டார்கள். சார்ஜர் வயர் நடைபாதையில் கிடக்கக் கூடாது. தண்ணீர் பாட்டில் லேப்டாப் மேசைக்கு வரக் கூடாது. தண்ணீர் கொட்டிவிட்டால் முதலில் சுவிட்சை அணைத்து பிளக்கை எடுத்துவிட்டு, அப்புறம்தான் துடைக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். இந்த நான்கையும் சுவரில் பெரிதாக எழுதுங்கள். மிச்சமெல்லாம் உங்கள் வேலை: வகுப்பறை வயரிங், மேசை உயரம், திரையில் ஜன்னல் வெளிச்சம் பளிச்சிடாமல் திரைச்சீலை. பள்ளி செய்ய வேண்டியதைப் பிள்ளைகளின் தலையில் விதியாக ஏற்றாதீர்கள்.

கேள்வி: புத்தகப்பையோடு லேப்டாப்பையும் சுமக்கலாமா?
— ஒரு தந்தை, வேலூர்

பதில்: 2020-ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப்பைக் கொள்கைப்படி பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 35 கிலோ பிள்ளைக்கு மூன்றரைக் கிலோ. லேப்டாப்பும் சார்ஜருமே இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். லேப்டாப் போகும் நாளில் புத்தகங்கள் வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: ஹெட்போன்?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, சிவகாசி

பதில்: பாதிச் சத்தத்துக்குச் சற்று மேல், அதற்கு மேல் வேண்டாம் மகளே. பிள்ளைகளுக்கு 75 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பக்கத்தில் அம்மா கூப்பிடுவது கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் குறைத்துவிடு.

கேள்வி: லேப்டாப் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறார்கள். அதுவும் வீண் பயம்தானா?
— ஒரு தாய், செங்கல்பட்டு

பதில்: இது வீணல்ல. ஓரத்தில் மடித்து எளிதில் பிரிக்கும்படி ஒரு துண்டு காகித டேப் ஒட்டுங்கள், செலவே இல்லை. ஆனால் பிள்ளையைத் தொல்லை செய்பவர் பெரும்பாலும் கேமராவை உடைத்து வருவதில்லை, நட்பாகப் பேசி வருகிறார். படம் அனுப்பச் சொல்லி யாராவது மிரட்டினால் திட்டு விழாது என்ற நம்பிக்கையைப் பிள்ளைக்கு முன்கூட்டியே கொடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவர்களும் தெரிந்து வைத்திருக்கட்டும்.

கேள்வி: அண்ணனோட பழைய லேப்டாப். டச்பேட் பக்கம் மேலே தூக்கிட்டு வருது, மூடவே மாட்டேங்குது. மேலே புத்தகம் அடுக்கி அமுக்கி வெச்சிருக்கேன். சரியாயிடுமா?
— பிளஸ் டூ மாணவர், கடலூர்

பதில்: தம்பி, முதலில் அந்தப் புத்தகங்களை எடு. உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அமுக்கினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கும். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, துணியோ காகிதமோ இல்லாத சிமென்ட் தரையில் வை. மறுபடி ஆன் செய்யாதே, நீயே பிரித்துப் பார்க்காதே. அண்ணனையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போய் பேட்டரியை மாற்று. பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் அங்கேயே கொடுத்துவிட்டு வா. இதைப் படித்து முடித்ததும் போ, நாளைக்கு என்று தள்ளாதே.