நாய்மேல போட்ட பழி

வாடா மாப்ளே. கும்புட்டா போதும், கை குடுக்க வேணாம். நீ ராத்திரி சொறிஞ்ச சத்தம் சுங்கை சிப்புட்லேருந்து ஈப்போ வரைக்கும் கேட்டுச்சாமே! கேட்டா நாய்மேல பழி போடுறே. பாவம், அது மானநஷ்ட வழக்கா போடப் போகுது?

நாய்ச் சொறிப்பூச்சி வேற வகை. நம்ம மேல ஏறினா கொஞ்ச நாள் அரிக்கும், ஆனா இங்க வம்சம் வளர்க்க அதுக்கு வக்கில்லே. உன் விரலிடுக்குலயும் மணிக்கட்டுலயும் இடுப்புலயும் குடித்தனம் பண்றது மனுசப் பூச்சி. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பொட்டைப்பூச்சி தோலுக்குள்ள சுரங்கம் தோண்டி, தினம் ரெண்டு மூணு முட்டை வைக்கும். கிந்தாவுல ஈயம் தோண்டுனவன்கூட இப்படி உழைச்சிருக்க மாட்டான். முதல் தடவை தொத்துனா 4லேருந்து 6 வாரம் கழிச்சுத்தான் அரிப்பே தெரியும். அதுக்குள்ள நீ எங்கெங்க பாய் விரிச்சேன்னு உன் பொண்டாட்டி கேக்கட்டும், நமக்கெதுக்கு?

தோட்டத்துல இருந்தப்போ லயத்துல ஒருத்தன் சொறிஞ்சா போதும், டிரெஸ்ஸர் எல்லாரையும் வரிசையா நிக்கவெச்சு வெள்ளை மருந்து பூசிடுவாரு. யாரும் மானம் போச்சுன்னு அழலே. எல்லாருக்கும் ஒண்ணாத்தானே போச்சு! தாமான் வீட்டுக்கு வந்ததும் கேட்டுக்கு ஒரு பூட்டு, சொறிக்கு ஒரு பூட்டு.

கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போ, ஒரு வெள்ளிதான். 5 விழுக்காடு பெர்மெத்ரின் கிரீம் குடுத்தாங்கன்னா, ராத்திரி கழுத்துலேருந்து உள்ளங்கால் வரைக்கும் பூசு. நகத்தடி, தொப்புள் எதையும் விடாதே. 8லேருந்து 14 மணி நேரம் கழிச்சுக் குளி. ஒரு வாரத்துல மறுபடியும் பூசு. கைக்குழந்தை, புள்ளத்தாச்சி இருந்தா டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லு. துணியையும் போர்வையையும் சுடுதண்ணியில தொவை. தொவைக்க முடியாததைப் பையில இறுக்கிக் கட்டி ஒரு வாரம் போடு. மனுச உடம்பு இல்லாம பூச்சி ரெண்டு மூணு நாள்தான் தாங்கும். அது செத்த பிறகும் சில வாரம் அரிக்கும். அதுக்காகத் தினமும் சந்தனம் மாதிரி அப்பிக்காதே.

அப்புறம், நாய்க்குப் பழைய இன்ஜின் ஆயில் பூசுனியாமே? அது என்ன லாரியா? நக்கி நக்கி விஷம் உள்ள போயிடும். பூச்சியைக் கொல்ற ஐவர்மெக்டின் மருந்தைக் கண்டுபிடிச்ச ஓமுராவுக்கும் கேம்பெலுக்கும் 2015ல நோபல் பரிசு குடுத்தாங்கதான். அதுக்காக மாட்டுக்குப் போடுற அந்த மருந்து ஊசியை எடுத்து நாய்க்குக் குத்திடாதே; கோலி சாதி நாயா இருந்தா உசுருக்கே ஆபத்து. மிருக வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போ. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்ல பாத்து, எந்தப் பூச்சின்னு சொல்லி, மாத்திரை குடுப்பாரு.

இதெல்லாம் நீ செஞ்சிருவே. வீட்டுல எல்லாரும், அரிக்காதவங்களும், ஒரே நாள்ல பூசணும். அங்கதான் நீ மாட்டுவே. மாமியார்கிட்ட சொல்லக் கூச்சப்பட்டு நீ மட்டும் திருட்டுத்தனமா பூசுனா, விட்ட பூச்சியை அவங்ககிட்டயே திரும்ப வாங்கிக்குவே. அவ்வளவு வெக்கமா இருந்தா நான் சொன்னேன்னு சொல்லு. இந்த வயசுல எனக்கு மாமியாரும் இல்லே, வெக்கமும் இல்லே.