பீங்கான் நாய்க்குக் காசு கொடுத்த ஊர்

நான் வளர்ந்த காலத்தில் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் காசு கொண்டுவந்த நாய், பீங்கான் நாய்தான். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் தோல் கட்டும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே ஒரு நாய் உட்கார்ந்திருக்கும். அச்சு சேர்ந்த தடத்தைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, காயவைப்பது அம்மாவின் வேலை. கூலி பொம்மைக் கணக்கில். சூளையில் விரிசல் விட்டால் அந்தப் பொம்மைக்குக் கூலி கிடையாது. விரிசலுக்கு அம்மா காரணமில்லை என்பது கூலி கொடுத்தவருக்கும் தெரியும்.

உயிருள்ள நாய்களும் அங்கே உண்டு. மார்கழியில் சூளைச் சுவரை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். வெளியூர் போகிறவர்கள், "ரெண்டு நாளைக்கு மணியைப் பாத்துக்கக்கா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிடுவார்கள். பழைய சோற்றுக்கு யார் கணக்குப் பார்த்தார்கள்? மண் நாய்க்குக் கூலி, உயிர் நாய்க்கு ஒன்றுமில்லை. இது கடலூர் மாவட்டம் பிரிந்த 1993-க்கும் முந்தைய கதை.

பிறகு பீங்கான் ஊறுகாய் ஜாடியின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்தது. வீட்டுக்கு வீடு மாட்டியிருந்த பீங்கான் ஃபியூஸ் கேரியரின் இடத்துக்கு எம்.சி.பி. சுவிட்ச் வந்தது. எங்கள் ஊர்ச் சிறு பட்டறைகளுக்கு இரண்டுமே பலத்த அடி.

இப்போது தங்கை மகன் சென்னையிலிருந்து வந்திருக்கிறான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நாய்க் காப்பகத்தில் வேலை பார்க்கிறவன். காலையில் ஆபீஸ் போகும் கணவனும் மனைவியும் நாயை விட்டுவிட்டு, இரவில் வந்து கூட்டிப்போவார்கள். ஒரு நாளைக்கு 500 ரூபாய், வசதியைப் பொறுத்து அதற்கு மேலும். பூட்டிக் கிடக்கும் ஒரு பட்டறை ஷெட்டை வாடகைக்கு எடுத்து, இங்கேயும் அப்படி ஒன்று தொடங்க நினைக்கிறான்.

"பத்து நாய், 500 ரூபா, முப்பது நாள். ஒன்றரை லட்சம் மாமா!"

சூளைக்குள் எத்தனை அடுக்கினோம் என்பது வருமானம் இல்லை, உடையாமல் வெளியே வந்ததுதான் வருமானம் என்று அவனுக்குச் சொன்னேன். உட்கார்ந்து மறுபடி எழுதினோம். விருத்தாசலத்தில் பகல் காப்பகத்துக்கு 300 ரூபாய்க்கு மேல் கேட்க முடியாது. நாலு நாய், இருபத்தைந்து நாள் என்றால் 30,000. செலவுப் பக்கம்: பார்த்துக்கொள்ள இரண்டு பேருக்குச் சம்பளம் 24,000, ஷெட் வாடகை 8,000, கரண்ட், தண்ணீர், பிளீச்சிங் பவுடர் எல்லாம் சேர்த்து 4,000. மாதம் 6,000 கையை விட்டுப் போகிறது. "ஒரு ஆளைக் குறைச்சா சரியாப் போயிடும்" என்றான். அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. தனியாக ஒருவர் நிற்கும்போது இரண்டு நாய் கடித்துக்கொண்டால் யார் பிரிப்பது? கடிபட்டவருக்கு ஊசி போட அழைத்துப்போவது யார்? நாய் வந்தாலும் வராவிட்டாலும் அந்த இரண்டு பேருக்கும் மாதச் சம்பளம் என்று முதல் வரியில் எழுது, அதற்குப் பிறகு உன் லாபத்தைத் தேடு என்றேன். எழுதினான்.

வேறு சில விஷயங்களில் அவன்தான் எனக்கு வாத்தியார். தடுப்பூசி அட்டை இல்லாத நாயை வாசலுக்குள் விடக்கூடாது. வெறிநாய்க்கடி ஊசி மட்டும் போதாது, பார்வோ, டிஸ்டெம்பர் ஊசியும் போட்டிருக்க வேண்டும். பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். ஒரு நோய் நாயைச் சேர்த்தால் மற்ற குட்டிகளின் உயிரோடு தொழிலும் போகும். பருவத்துக்கு வந்த பெட்டையைச் சேர்க்கக்கூடாது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாட்டு நாய்கள் நம் வெயிலைத் தாங்கும். கத்திரியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஹஸ்கியை வைத்தால் அது செத்துப்போகும். ஏசி போட வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் வாங்க வேண்டும். குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது கூடுதல் வரவு.

காசு இருப்பது பகல் காப்பகத்தில் இல்லை, விடுமுறையில். மே மாதம், தீபாவளி, பொங்கல். குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு நாயை விட்டுச்செல்ல இப்போது பக்கத்து வீட்டுத் திண்ணை இல்லை; பக்கத்து வீட்டுக்காரியும் வேலைக்குப் போகிறாள். பத்து நாய், பத்து இரவு, 500 ரூபாய் என்றாலே 50,000. பக்கத்தில் நெய்வேலி இருக்கிறது. என்.எல்.சி. குடியிருப்பில் மாதச் சம்பளமும் வளர்ப்பு நாயும் உள்ள வீடுகள் நிறைய. அங்கிருந்து நாயை ஏற்றிவர ஒரு வண்டி வைத்தால் விருத்தாசலத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

ஆகவே தினசரி காப்பகம் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். வரும் மே மாதத்துக்கு மட்டும் ஐந்து கூண்டு, பொய்க்கூரை, கழுவிவிட வாட்டமுள்ள சிமெண்ட் தரை. சென்னை வேலையை விட வேண்டாம், நீண்ட லீவு கேள் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் நெய்வேலிக்குப் போய் வீடு வீடாக விசாரிக்கப் போகிறான்.