ஹைட்ரஜனின் ஜாதகப் பொருத்தம்: ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

அண்டத்திலுள்ள சாதாரணப் பருப்பொருளில், நிறைக் கணக்கில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஹைட்ரஜன். இவ்வளவு பெரிய புள்ளிக்கு, 118 கட்டங்கள் கொண்ட தனிம வரிசை அட்டவணையில் மறுபேச்சில்லாத ஒரு கட்டம் இன்னும் அமையவில்லை. 1869இல் மெண்டெலீவ் தொடங்கிவைத்த வரன் தேடல் இழுத்துக்கொண்டே போகிறது.

2. வந்த வரன்கள்

அ) தொகுதி 1, கார உலோகங்கள்: ஜாதகம் அச்சாகப் பொருந்துகிறது, வெளிக்கூட்டில் ஒரே எலக்ட்ரான். குணம்தான் பொருந்தவில்லை. சோடியத்திடமிருந்து அந்த எலக்ட்ரானைப் பிரிக்க மோலுக்கு 496 கிலோஜூல் போதும். ஹைட்ரஜன் 1312 கேட்கிறது. அக்குடும்பத்தார் உலோகங்கள், இதுவோ வாயு. வியாழன் கோளின் உள்ளழுத்தத்தில் ஹைட்ரஜனும் உலோகமாக இருப்பதாக அறிஞர் கருதுகின்றனர். அதை நேரில் போய்ப் பார்த்துவரச் சம்மதிக்கும் சம்பந்திகள் அரிது.

ஆ) தொகுதி 17, ஹாலஜன்கள்: கூடு நிறைய ஓர் எலக்ட்ரான் குறைவு, ஈரணு மூலக்கூறு, சோடியத்தோடு சேர்ந்தால் குளோரைடு போலவே ஹைட்ரைடு. எல்லாம் சரி, சீர்தான் போதாது. ஓர் எலக்ட்ரானை ஏற்கையில் குளோரின் 349 கிலோஜூல் வெளியிடும். ஹைட்ரஜன் 73உடன் நிறுத்திக்கொள்கிறது.

இ) தொகுதி 14, கார்பன் குடும்பம்: இரு வீட்டிலும் வெளிக்கூடு பாதி நிறைந்தது. எலக்ட்ரான் கவர்தன்மை 2.20, 2.55 எனக் கிட்டத்தட்ட வருகிறது. ஆனால் கார்பன் நான்கு பிணைப்பு கேட்கும். ஹைட்ரஜனால் ஒன்றே முடியும்.

3. விவாதம்

முதற்கூட்டில் மொத்தமே இரண்டு இடம். அதில் ஒன்றில் ஆள் இருக்கிறது. எனவே ஒன்றை இழந்தால் காலி, ஒன்றைப் பெற்றால் நிறைவு, சும்மா இருந்தால் பாதி. கீழ் வரிசைகளில் மூன்று குடும்பங்களுக்குப் பிரிந்துபோன தகுதிகள் இங்கே ஒரே ஆளிடம்.

இனி, அதே வரிசையின் மறுகோடியைப் பார்ப்போம். இரண்டு எலக்ட்ரான் கொண்ட ஹீலியம், ஜாதகப்படி தொகுதி 2இல் மெக்னீசியத்தோடு அமரவேண்டும். அது எவரோடும் சேராத துறவி என்பதால், ஜாதகத்தை மடித்துவைத்துவிட்டு 18இல் மந்த வாயுக்களோடு உட்காரவைத்தார்கள். அந்த வரிசையில் இருப்பதே இருவர். இருவருக்கும் இரண்டு சட்டம்.

4. பரிந்துரை

ஜாதகமே அளவுகோல் என்றால் ஹீலியம் இடம் மாறவேண்டும். நடத்தையே அளவுகோல் என்றால், இப்போது தொகுதி 1இன் தலையில் உட்கார்ந்திருக்கும் ஹைட்ரஜன் கிளம்பவேண்டும். எதைச் செய்தாலும் பள்ளிச் சுவர்களில் தொங்கும் அட்டவணைகளையெல்லாம் மாற்றவேண்டிவரும். ஆகவே, நிதி ஒதுக்கப்படும்வரை இருவரும் இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்றும், மேலும் ஆய்வு தேவை என்றும் இக்கட்டுரை தாழ்மையுடன் முன்மொழிகிறது.