ஒரு ஷேருக்கு ஒரு சாப்பாடு

2019 ஆகஸ்டில் அமேசான் காடு பற்றியெரிந்தபோது அதை அணைக்கப் பாடுபட்டவர்களில் நானும் ஒருவன். நங்கநல்லூரில், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி, காபி ஆறிப் போவதையும் பொருட்படுத்தாமல் பாடுபட்டேன். எரியும் மரங்களின் படத்தைச் சொந்தக்காரர்கள் குழு, ஆபீஸ் குழு, அப்பார்ட்மென்ட் குழு என்று எல்லாவற்றிலும் போட்டு, கீழே கூப்பிய கைகளையும் வரிசையாக வைத்தேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, "பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு மனைவி குளிக்கப் போயிருந்த நேரம் அது. மேற்கொண்டு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை.

கரி பிடித்த பால் பாத்திரத்தைத் தேய்த்துக் கொண்டிருந்தபோது பையன் வந்து, நான் அனுப்பிய படம் பழைய படம் என்றான். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. பிரான்ஸ் அதிபர் மக்ரோன் பகிர்ந்ததும் பழைய படம்தான். அதை எடுத்த புகைப்படக்காரர் 2003லேயே காலமாகிவிட்டார். கால்பந்து வீரர் ரொனால்டோ போட்டது 2013இல் எடுத்தது, அதுவும் அமேசான் பக்கமே இல்லாத தென் பிரேசிலில். இவ்வளவு பெரிய மனிதர்களின் வரிசையில் உன் புருஷனும் நிற்கிறான் என்று மனைவியிடம் எடுத்துச் சொன்னேன்.

"அவங்க வீட்ல பால் பொங்கலையே" என்றாள்.

அதே வருஷம் ஜூனில் நான் நீலமாகியிருந்தேன். சூடான் தலைநகர் கார்ட்டூமில் போராட்டக்காரர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். இறந்துபோன ஓர் இளைஞருக்குப் பிடித்த நிறம் நீலம் என்பதால், உலகம் முழுக்க ஆட்கள் தங்கள் டிபியை எடுத்துவிட்டு வெறும் நீலத்தை வைத்தார்கள். நானும் வைத்தேன். திருச்சியிலிருந்து அத்தை பதறிப்போய் போன் செய்து, "முகத்தைக் காணோமேப்பா, யாரு போயிட்டா?" என்று கேட்டார். சூடானில் நடந்ததைச் சொன்னேன். "நம்ம ஆளுங்க யாரும் இல்லையே?" என்று உறுதி செய்துகொண்டு போனை வைத்தார்.

அந்தச் சூட்டோடு இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு முளைத்தது. நீங்கள் பகிர்ந்தால் போதும், சூடானில் பசித்தவர்களுக்குச் சாப்பாடு போகும் என்றது. லட்சக்கணக்கில் ஆட்கள் சேர்ந்தார்கள். பைசா செலவில்லாத அன்னதானம் என்றால் நான் விடுவேனா? பெருமை தாங்காமல் மனைவியிடம் காட்டினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"ஏங்க, நீங்க தட்டினாதான் சாப்பாடு போகுமா? தட்டலைன்னா அந்தச் சோத்தை என்ன பண்ணுவாங்க, திரும்ப அரிசியாக்கிடுவாங்களா?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கணக்கிடமும் இல்லை. சாப்பாடு போனதற்கு எந்த ஆதாரமும் கிடைக்காமல், இன்ஸ்டாகிராமே அதைத் தூக்கிவிட்டது. சாப்பாடு எவருக்கும் போனதாகத் தெரியவில்லை. ஆள்பலம் மட்டும் அந்தக் கணக்குக்குச் சேர்ந்தது.

இப்போது 2014க்குப் போக வேண்டும். அந்த ஆகஸ்டில் உலகமே ஐஸ் வாளியும் கையுமாக அலைந்தது. ஏ.எல்.எஸ். என்று ஒரு நோய். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும், ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது அதுதான். விதி இது: 24 மணி நேரத்துக்குள் தலையில் ஐஸ் தண்ணீரைக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நோய் ஆராய்ச்சிக்கு நூறு டாலர் தர வேண்டும். பில் கேட்ஸ் வாளியைக் கவிழ்ப்பதற்கென்றே ஒரு சாதனத்தை வரைந்து, வெல்டிங் வைத்துச் செய்து கவிழ்த்துக்கொண்டார்.

நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா பையன் தன் முறை முடிந்ததும், அடுத்து ஊற்றிக்கொள்ள வேண்டியவர் என்று, மாமா என்ற உரிமையில் என் பெயரைச் சொல்லிவிட்டான். எங்கள் ஃப்ரிட்ஜில் ஒரே ஒரு ஐஸ் ட்ரே. அதிலும் பாதியில் மனைவி இஞ்சி பூண்டு விழுதை உறைய வைத்திருந்தாள். மிச்ச ஐஸை வாளியில் போட்டு, மொட்டை மாடியில் வேட்டியை மடித்துக் கட்டி நின்றேன். போனைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவிக்கு அப்போதுதான் விதிமுறை முழுசாகப் புரிந்தது.

"அப்போ, நூறு டாலர் குடுக்காம தப்பிக்கறதுக்குத்தான் இந்தத் தண்ணியா?"

ஊற்றிக்கொண்ட தண்ணீரைவிட அந்தக் கேள்விதான் ஜில்லென்று இருந்தது. அவ்வளவு தொகை என்னால் ஆகாது என்றேன். அதே மாதம் ஹைதராபாத்தில் மஞ்சு லதா கலாநிதி என்ற பத்திரிகையாளர், ஐஸுக்குப் பதிலாக ஒரு வாளி அரிசியை இல்லாதவருக்குக் கொடுங்கள் என்று கிளப்பியிருந்தார். மனைவிக்கு அது உடனே பிடித்துவிட்டது. நான் தலையைத் துவட்டி முடிப்பதற்குள் அதே வாளியில் பொன்னி அரிசி நிரம்பி, வாட்ச்மேன் வீட்டுக்குப் போய்விட்டது. அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், கோமாளித்தனமாகத் தெரிந்த அந்த ஐஸ் வாளிதான் காரியம் சாதித்தது. அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு மட்டும் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அந்தப் பணம் கைகொடுத்த ஆராய்ச்சியில், நெக்1 என்ற மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு 2016இல் பிடிபட்டது. அதே பணத்தில் ஒரு பங்கு வாங்கி வளர்ந்த மருந்து ஒன்று 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது; பெரிய சோதனையில் பலன் தெரியாததால் 2024இல் கம்பெனியே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நோயாளிகளுக்கு அது பெரிய ஏமாற்றம்தான். ஆனால் பணம் எங்கே போனது என்று கேட்டால், தோல்வி உட்படச் சொல்வதற்கு அங்கே கணக்கு இருக்கிறது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்த சூடான் சாப்பாட்டுக்கு அது இல்லை. ஆகவே எதை ஆதரிப்பது, எதைச் சந்தேகிப்பது என்பதை உருக்கத்தை வைத்து முடிவு செய்வதை எங்கள் வீட்டில் நிறுத்தியாகிவிட்டது. எனக்கு உருக்கம் சீக்கிரம் வந்துவிடுவது ஒரு காரணம்.

போனில் கிளம்புவதெல்லாம் போனிலேயே முடிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் கூடியது பெரும்பாலும் செல்போன் வழியாகத்தான். மாட்டைப் பால் பாக்கெட்டில் மட்டுமே அறிந்த நானும் ஆவேசமாகப் பதிவுகள் போட்டுக் கொண்டிருந்தேன். "போன்ல மாடு புடிச்சது போதும், நேர்ல போய்ட்டு வாங்க" என்று மனைவி துரத்திவிட்டாள். போனேன். கடற்கரை விளக்குகளை அணைத்தபோது ஆயிரக்கணக்கான போன்கள் டார்ச் அடித்த காட்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் என் போன் இல்லை, சார்ஜ் தீர்ந்துவிட்டது. யாரோ கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு உறையைக் கீழே போட்டேன். ஒரு கல்லூரிப் பெண் கோணிப்பையை நீட்டி, "அங்கிள், இதுல போடுங்க" என்றாள். பிராயச்சித்தமாக அந்தப் பையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜனவரி 21 அன்று ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் அவசரச் சட்டம் வந்தது. அதில் என் பங்கு அந்தக் கோணிப்பை.

போனைத் தட்டும் இதே கட்டைவிரல் வேறு காரியமும் செய்யும். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் திரிகிறார்கள், உஷார் என்று ஊரெல்லாம் ஃபார்வர்டு பறந்தது. அனுப்பியவர்கள் எல்லாரும் சமூகப் பொறுப்போடுதான் அனுப்பினார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்த ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி செய்தது. எங்கள் வீட்டில் அந்த எண்ணிக்கையும் அதிகம் என்று தீர்ப்பாகி, இப்போது எதுவும் மனைவியின் கண்ணில் பட்டுத்தான் வெளியே போகிறது.

அவள் இதுவரை ஒன்றும் கேட்காமல் விட்டது நேசமணியை மட்டும்தான். 2019 மே கடைசியில், சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று ஒரு பக்கம் கேட்க, காண்டிராக்டர் நேசமணி தலையில் விழுந்தது இதுதான் என்று நம்மவர் ஒருவர் பதில் எழுதப்போய், 'பிரெண்ட்ஸ்' படத்தில் நேசமணியாக வந்த வடிவேலுவுக்காக உலகமே பிரார்த்தித்ததே, அதை. வசூல் கிடையாது, ஏமாந்தவர் கிடையாது, அடிபட்டவரும் நிஜத்தில் கிடையாது.

எனவே எனக்குப் பிரசாரம் அனுப்புகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணமோ பொருளோ யாருக்குப் போகிறது, யார் கையால் போகிறது, நடந்தது என்றைக்கு என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். எங்கள் வீட்டில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். சரியாக இருந்தால் என்னால் ஆனதைக் கொடுக்கிறேன், பணம் எடுப்பவள் அவள்தான். விவரம் இல்லையென்றால், தயவுசெய்து நேசமணியை அனுப்புங்கள்.