எந்த டிப்போ?

கே: என் சம்பந்தியின் மகன் அமெரிக்காவில் விமானி. வேலைக்குப் போக வர டிக்கெட்டே எடுப்பதில்லையாம். வேறு கம்பெனி விமானத்தில்கூட ஏறிக்கொள்வானாம். ஆகாயத்திலும் வித்தவுட் உண்டா?
– வாசகர், போடிநாயக்கனூர்

ப: சம்பந்தி வீட்டாரைச் சந்தேகப்படாதீர்கள். அது வித்தவுட் இல்லை, ஜம்ப் சீட். பழைய கம்பம் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜினை மூடி ஒரு பானெட் இருக்குமே, டிரைவருக்கு வேண்டப்பட்டவர்கள் துண்டை நாலாக மடித்துப் போட்டு உட்காருவார்களே, அதற்கு ஆகாயத்தில் ஓர் அண்ணன். விமானி அறையில் இரண்டு விமானிகளுக்கும் பின்னால் மடக்கி விரிக்கிற நாற்காலி. பரிசோதகர் உட்கார வைத்தது. காலியாக இருந்தால் சக விமானிக்குக் கொடுப்பார்கள். அமெரிக்காவில் கம்பெனிகளே இதற்குத் தங்களுக்குள் பேசி வைத்திருக்கின்றன. அங்கே பல விமானிகளுக்கு வீடு ஓர் ஊர், டூட்டி தொடங்குவது வேறு ஊர். கூடலூரில் குடும்பம், டிப்போ சென்னையில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கே: ஓசியில் போகிறவனுக்குப் புலம்பல் என்ன? போன ஞாயிறு வீடியோ காலில் 'கேட் ஏஜெண்ட்' என்று யாரையோ அரை மணி நேரம் திட்டித் தீர்த்தான்.
– அதே வாசகர்

ப: நம்மூர் பழமொழிதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! ஜம்ப் சீட்டில் யாரை ஏற்றுவது என்பதில் கடைசி வார்த்தை கேப்டனுடையது. ஆனால் கேப்டன் இருக்கும் இடம்வரை போக, வாசலில் நிற்கிற ஊழியர் மனசு வைக்க வேண்டும். வந்தவர் நிஜமாகவே தான் சொல்கிற கம்பெனியின் விமானிதானா என்று கம்ப்யூட்டரில் படத்தோடு ஒத்துப் பார்ப்பது அவர்தான், சீட்டு கொடுப்பதும் அவர்தான். 'எடை கூடிப்போச்சு', 'லிஸ்ட் மூடியாச்சு', 'எங்க கம்பெனி ஆளே ஒருத்தர் வர்றார்' என்று ஏதாவது ஒன்று வரும். இடம் இருந்தும் தன்னை விட்டுவிட்டுப் போகிற விமானத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்து நிற்பவர் நாளைக்கு டூட்டிக்குப் போய்ச் சேராவிட்டால், அங்கே மெமோ அவருக்கு.

வாசலில் நிற்பவர் பாடும் லேசல்ல. கைக்குழந்தையோடு ஒருவர், சக்கர நாற்காலியில் ஒருவர், பெட்டி பெரிதென்று சண்டை போடுகிறவர் ஒருவர். கதவு சாத்தப் பத்து நிமிடம் இருக்கையில் யூனிஃபார்மில் ஒருவர் வந்து 'எனக்கு உரிமை உண்டு' என்றால் எரிச்சல் வராதா?

கே: என் பஸ்ஸில் தினம் நாலு பேர் 'ஸ்டாஃப்' என்கிறார்கள். முகத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?
– நடத்துநர், உத்தமபாளையம்

ப: முகத்தைப் பார்க்காதீர்கள். போன மாதம் கடைசி பஸ்ஸில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். சின்னமனூரில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ஏறினார். டிக்கெட் கேட்டதும் ஜன்னலைப் பார்த்தபடியே 'ஸ்டாஃப்' என்றார். அந்த ஒற்றைச் சொல்லை நடத்துநரைப் பார்த்துச் சொல்பவர்கள் குறைவு, கவனித்திருக்கிறீர்களா?

"எந்த டிப்போண்ணே?"

"லோயர் கேம்ப்."

"ஸ்டாஃப் நம்பர் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. வீரபாண்டி தாண்டியதும் சட்டைப்பையிலிருந்து நூறு ரூபாய்த் தாள் வந்தது. நடத்துநர் ஒன்றும் பேசாமல் டிக்கெட்டைக் கிழித்து, மீதியையும் எண்ணிக் கொடுத்தார். சில்லறை இல்லை என்று சொல்லாததுதான் அன்றைய அதிசயம்.

கே: காவலருக்கு இலவசமா இல்லையா? நாங்குநேரி விவகாரத்தில் யார் மேல் தப்பு?
– ஓய்வுபெற்ற காவலர், பெரியகுளம்

ப: காவலர் முதல் ஆய்வாளர் வரை, தங்கள் மாவட்டத்துக்குள் அடையாள அட்டையைக் காட்டி அரசுப் பேருந்தில் போகலாம் என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். 2024 மே மாதம் நாங்குநேரியில் ஒரு காவலர் டிக்கெட் எடுக்க மறுத்த வீடியோ ஊரெல்லாம் ஓடியபோது, வாரண்ட் இருந்தால்தான் இலவசம் என்றது போக்குவரத்துத் துறை. அறிவிப்பு ஓர் அலுவலகத்திலும் ஆணை இன்னோர் அலுவலகத்திலும் தூங்கினால், நடுவழியில் முட்டிக்கொள்வது கீழே இருக்கிற இரண்டு பேர்தான். அதன்பின் அரசுப் பேருந்துகளுக்கு அங்கங்கே அபராதம் விழுந்தது. நோ பார்க்கிங் பலகைகள் அந்த வாரம்தான் சிலர் கண்ணுக்குத் தெரிந்தன போலும்! கடைசியில் இரு துறைச் செயலாளர்களும் பேசி முடித்தார்கள். காவலரும் நடத்துநரும் கட்டிப்பிடித்து டீ குடித்த வீடியோவும் வந்தது. அந்த டீயை முதல் நாளே குடித்திருக்கலாம்.

கே: விமானி அறையில் மூன்றாவது ஆள் இருப்பது நல்லதா, கெட்டதா?
– ஆசிரியை, சின்னமனூர்

ப: ஆளைப் பொறுத்தது. 2018 அக்டோபர் 28 இரவு, பாலியிலிருந்து ஜகார்த்தா போன லயன் ஏர் விமானம் மூக்கைத் தரைப்பக்கம் சாய்த்துக்கொண்டே இருந்தது. டூட்டியில் இல்லாத விமானி ஒருவர் ஜம்ப் சீட்டில் இருந்தார். மூக்கைச் சாய்க்கிற மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொன்னது அவர்தான் என்று பின்னால் செய்தி வந்தது. விமானம் பத்திரமாக இறங்கியது. மறுநாள் காலை அதே விமானம் வேறு விமானிகளோடு கிளம்பி, கடலில் விழுந்தது. 189 பேரும் போனார்கள்.

மறுபக்கமும் உண்டு. 1994 ஏப்ரல் 7 அன்று மெம்ஃபிஸிலிருந்து கிளம்பிய ஃபெடெக்ஸ் சரக்கு விமானத்தில் ஓசியில் ஏறிய அதே கம்பெனி ஊழியரே சுத்தியலால் விமானிகளைத் தாக்கினார். மண்டை உடைந்தும் விமானத்தைத் திருப்பி இறக்கினார்கள். 2023 அக்டோபரில் ஜம்ப் சீட்டில் இருந்த ஒரு விமானி, பறக்கும்போதே இன்ஜின்களை அணைக்கிற கைப்பிடிகளை இழுக்கப் பார்த்தார். இதையெல்லாம் படித்த வாசல் ஊழியர் அட்டையை ரெண்டு தடவை திருப்பிப் பார்த்தால் கோபிக்க முடியுமா?

கே: மதுரையில் ஏறும்போது கேட்டால் பேரனை விமானி அறையில் கொஞ்ச நேரம் உட்கார வைப்பார்களா?
– தாத்தா, கம்பம்

ப: பறக்கும்போது நடக்காது. 2023 பிப்ரவரி 27 அன்று துபாய்–டெல்லி விமானத்தில் தோழியை உள்ளே உட்கார வைத்த விமானிக்கு மூன்று மாதம் லைசென்ஸ் போனது, ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் அபராதம். பேரனைப் பானெட்டில் உட்கார வையுங்கள்.

கே: ஏலத்தோட்ட ஜீப்பில் ஜம்ப் சீட் எது?
– கல்லூரி மாணவர், கூடலூர்

ப: கம்பம்மெட்டு ஏறுகிற ஜீப்பில் எல்லாமே ஜம்ப் சீட்தான். டிரைவருடையதும் பாதி.

கே: தேனிக்கு எப்போது விமானம்?
– வியாபாரி, தேனி

ப: மீட்டர் கேஜை 2010 கடைசியில் நிறுத்தினார்கள். ரயில் திரும்பத் தேனிக்கு வந்தது 2022 மே 26, போடிக்கு 2023 ஜூன் 15. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கே: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் விமானி பக்கமா, வாசல் ஊழியர் பக்கமா?
– முதல் கேள்வி கேட்ட அதே வாசகர்

ப: வாசல் ஊழியர் பக்கம். உங்கள் சம்பந்தி மகனிடம் அரை மணி நேரம் முன்னதாகவே போய், அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லச் சொல்லுங்கள். ஜன்னலைப் பார்த்து 'ஸ்டாஃப்' என்று சொல்ல வேண்டாம்.